மனுவும் வாதமும்: சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளில் வாதக் கட்டுரை பயிற்றல்

கட்டுரை எழுதுதலை மொழித்திறனின் ஒரு கூறாக மாத்திரம் நோக்கும் வழக்கம் எமது கல்வியுலகில் வேரூன்றியுள்ளது. எழுத்துப் பிழையின்மை, வாக்கிய ஒழுங்கு, பொருத்தமான பழமொழி, அழகிய முடிவுரை என்பன அமைந்துவிட்டால் கட்டுரை சிறந்தது எனக் கொள்ளப்படுகின்றது. வருணனைக் கட்டுரைக்கும் தன்வரலாற்றுக் கட்டுரைக்கும் இவ்வளவுகோல் ஓரளவு போதுமானதாகலாம். வாதக் கட்டுரைக்கு இது போதாது. வாதம் என்பது ஒரு சமூக உறவு. ஒருவன் ஒரு கூற்றை நிலைநாட்ட முற்படும்போது, தன்னைக் கேட்பவன் மறுமொழி கூறக் கடமைப்பட்டவன் என்றும், தகுந்த காரணம் காட்டப்பட்டால் அவன் தன் நிலைப்பாட்டை மாற்றவேண்டியவன் என்றும் கருதியே முற்படுகின்றான். அத்தகைய உறவு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு வாதக் கட்டுரையை எவ்வாறு பயிற்றுவது என்பதே இங்கு நாம் ஆராய முற்படும் பொருள். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களைச் சார்ந்த தமிழ்ப் பாடசாலைகளின் உயர் வகுப்புகளை மனங்கொண்டு இதனை எழுதுகின்றோம்.

தோட்ட மக்களின் எழுத்து வரலாற்றில் முதன்மை பெற்ற வடிவம் மனு. துரைக்கு மனு, தொழிற் கந்தோருக்கு மனு, பிரசாவுரிமை ஆணையாளருக்கு மனு என அது தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. பெரும்பாலும் அதனை எழுதியவர் தொழிலாளி அல்லர். எழுத்தறிந்த ஒருவர் கூலி பெற்றோ பெறாமலோ எழுதிக் கொடுத்தார். தாழ்மையிற் தொடங்கித் தாழ்மையில் முடியும் அவ்வடிவத்தில் துன்பம் கூறப்படும். நியாயம் கூறப்படுவது அரிது. மனு பெறுபவருக்கு மறுமொழி கூறும் கடப்பாடு இல்லை. அவரிடம் எதிர்பார்க்கப்படுவது இரக்கமேயன்றி இணக்கமன்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டில் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களின் பெரும்பாலானோரை வாக்கற்றவராக்கியபோது, மனு மாத்திரமே அவர்களுக்கு எஞ்சிய அரசியல் மொழியாயிற்று எனல் மிகையன்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கேளாமலே அவர்களைப் பங்கிட்டது. நாடற்ற நிலை சட்டத்தளவில் முற்றாகத் தீர்வதற்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

தோட்டப் பாடசாலையும் இவ்வுறவுக்குள்ளேயே பிறந்தது. 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டத்துச் சிறுவருக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் ஒப்படைத்தது. 1920 ஆம் ஆண்டின் சட்டம் அதனை வலியுறுத்தியது. எவருடைய உழைப்பிலிருந்து இலாபம் பெறப்பட்டதோ அவருடைய பிள்ளைக்கு எவ்வளவு கற்பிக்கலாம் என்பதை இலாபம் பெறுபவரே தீர்மானித்தார் என்பது இதன் பொருள். லயக்கோடியில் ஒரு கொட்டில், ஓராசிரியர், ஐந்தாம் வகுப்பு வரையிலான வாசிப்பும் கணக்கும் என்பதற்கு அப்பால் அது செல்லாமை வியப்புக்குரியதன்று. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னர், 1970களின் பிற்பகுதியிலேயே இப்பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. 1980களின் நடுப்பகுதி முதல் சுவீடிய உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் பெருகின. ஆயினும் நுவரெலியா, பதுளை மாவட்டங்களுடன் ஒப்பிடும்போது சப்ரகமுவவின் நிலை வேறானது. இங்கு தமிழ்ப் பாடசாலைகள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன, சிறியன, உயர்தர விஞ்ஞான வகுப்பு அரிது. மாணவர் சிலர் சிங்கள மொழிமூலப் பாடசாலைக்குச் சென்றுவிடுகின்றனர். எஞ்சியோருக்குத் தமிழ் என்பது வீட்டின் மொழி; வீதியின் மொழி பெரும்பாலும் சிங்களம்.

இத்தகைய வகுப்பறையில் வாதக் கட்டுரை எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது? 'தொலைக்காட்சியால் விளைவன நன்மையா தீமையா', 'நகர வாழ்வா கிராம வாழ்வா' என்னும் தலைப்புகள் கொடுக்கப்படுகின்றன. மாணவர் முதலில் நன்மைகளை அடுக்குவர். பின்னர் தீமைகளை அடுக்குவர். ஈற்றில் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு எனக் கூறி, அன்னப்பறவை போன்று நல்லதைக் கொள்வோம் என முடிப்பர். இதில் வாதம் எங்குள்ளது? இரு பட்டியல்களும் ஒரு பழமொழியும் உள்ளன. பழமொழி வந்த இடத்தில் சிந்தனை ஓய்வு பெற்றுவிடுகின்றது. பட்டிமன்றமும் தமிழ்மொழித் தினப் போட்டி விவாதங்களும் இக்குறையை நிறைவு செய்யும் என்பார் உளர். பேச்சுப் பயிற்சிக்கு அவை உதவுவதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அங்கு தரப்பு மேலிருந்து வழங்கப்படுகின்றது; வெற்றி கைதட்டலால் அளக்கப்படுகின்றது; மறுநாள் எவரும் தாம் கூறியதற்குப் பொறுப்பேற்பதில்லை. (தோட்டத்து நகரங்களின் கோயில் திருவிழாக்களில் நடைபெறும் பட்டிமன்றத் தலைப்புகளில் கணவனும் மனைவியும் வருமளவுக்குக் கூலியும் நிலமும் வராமைக்குக் காரணம் தனியே ஆராயப்படவேண்டியது.)

பிள்ளைகளுக்கு மொழி வளம் இல்லை, தர்க்கம் அவர்களுக்கு எட்டாது எனும் கருத்து ஆசிரியரிடையே பரவலாக உண்டு. மேலைநாட்டிலும் இவ்வாறு கூறப்பட்டது. உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள் சூழலைச் சார்ந்த ஒடுங்கிய மொழிக்குறியீட்டுக்குட் பழகியவர் என்னும் பசில் பேர்ன்ஸ்ரைனின் கருத்தைப் பலர் தமக்கேற்ப விரித்து, ஏழைப் பிள்ளைகளுக்குச் சிந்தனையே குறைவு என்னும் முடிவுக்கு வந்தனர். 1969 இல் வில்லியம் லபோவ் இம்முடிவை மறுத்தார். நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பின இளைஞரின் பேச்சை ஆராய்ந்து, இலக்கண நூல் ஏற்காத அப்பேச்சில் இறுக்கமான தருக்க ஒழுங்கு உள்ளதென அவர் காட்டினார். எமது தோட்டங்களில் இதனைக் காண்பதற்கு ஆய்வுக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் சிறிது நேரம் நின்றாற் போதும்.

குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடப்படும் என்பது தோட்ட வழக்கு. இதனையொட்டி எழும் வாக்குவாதம் பொதுவாகப் பின்வரும் வகையில் அமையும்: "ரெண்டு கிலோ கொறைஞ்சதுக்கு அரைப்பேரா? கவாத்து வெட்டி இன்னும் தளுக்காத மலை அது. அந்த மலைக்கு எங்கள அனுப்புனது யாரு? பக்கத்து மலைக்குப் போனவங்களுக்கு மட்டும் எப்படி நெறைஞ்சிச்சு?" நான்கு சிறு வாக்கியங்கள். முதலாவதில் ஒரு முடிவு மறுக்கப்படுகின்றது. இரண்டாவதில் காரணம் தரப்படுகின்றது. மூன்றாவதில் பொறுப்பு இடம் மாற்றப்படுகின்றது. நான்காவதில் ஒப்பீட்டுச் சான்று முன்வைக்கப்படுகின்றது. இதனைக் கூறும் பெண்மணி தருக்க நூல் எதுவும் கற்றவரல்லர். இவருடைய மகள் பாடசாலையில் நகர வாழ்வின் நன்மைகளை அடுக்கிக்கொண்டிருக்கின்றாள் என்பதே எமது கல்வியின் அவலம்.

எனினும் பேச்சிலுள்ள வாதம் தானாகவே எழுத்து வாதமாகிவிடாது. எதிரே நிற்பவரின் முகமும் குரலும் பேச்சுக்குத் துணை நிற்கின்றன. எழுத்தில் எதிராளி இல்லாமலே எதிராளியை உருவாக்கிக்கொள்ளவேண்டும். எழுத்து மொழி கேட்போனற்ற உரையாடல் என்பதை வைகொட்ஸ்கி 1934 இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். நிறுவை இடத்தில் நின்ற எவருக்கும் தெரிந்தவை எழுத்திற் கூறப்படல் வேண்டும். கவாத்து என்பது யாது, புதுத் தளிர் வர எவ்வளவு காலம் செல்லும், மலையைத் தெரிவு செய்பவர் யார் என்பனவெல்லாம் அவ்வாறு கூறவேண்டியவை. இதனிலும் முக்கியமானது, பேச்சில் மறைந்து நிற்கும் ஓர் இணைப்பு நியாயம். 'தான் தீர்மானிக்காத ஒரு நிலைமையின் விளைவுக்கு ஒருவர் தண்டிக்கப்படலாகாது' என்னும் பொதுக்கருத்தே அப்பெண்மணியின் காரணத்தையும் முடிவையும் பிணைக்கின்றது. அவர் அதனைக் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் அங்கில்லை. 1958 இல் வாதத்தின் பயன்பாடுகள் பற்றி எழுதிய ஸ்ரீபன் டூல்மின், தரவையும் முடிவையும் இணைக்கும் இத்தகைய நியாயத்தைத் தனியே பிரித்துக் காட்டியமை ஆசிரியர்க்கு மிகப் பயனுள்ளது. ஏனெனில் வாதத்தின் உண்மையான மோதல் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நிகழ்கின்றது. கங்காணி மறுப்பது தரவையன்று. மலையில் தளிர் குறைவென்பது அவருக்கும் தெரியும். 'மலைக்கொரு நிறை வைத்தாற் கணக்கு நடவாது. எல்லாருக்கும் ஒரே நிறை' என்னும் வேறொரு நியாயத்தை அவர் முன்வைக்கின்றார். இரு நியாயங்களையும் அருகருகே எழுதிப் பார்க்கும் மாணவன், கூலிப் பிணக்கு என்பது குணக்கேடான ஒருவருக்கும் அப்பாவி ஒருவருக்கும் இடையிலான சச்சரவன்று, உற்பத்தி உறவொன்றின் வெளிப்பாடு என்பதைத் தானே காணத் தலைப்படுவான்.

இதற்கான கலைச்சொற்களை மேலைநாட்டிலிருந்தே இரவல் பெறவேண்டியதில்லை. மணிமேகலையில் தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை, பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் உறுப்புகளையும் அவற்றுள் முதல் மூன்றிலும் நேரக்கூடிய போலிகளையும் விரித்துரைக்கின்றது. நாட்டப்படும் கூற்று, அதற்கான காரணம், எடுத்துக்காட்டு என முதல் மூன்றையும் பதினோராந் தர மாணவர் எளிதிற் பற்றிக்கொள்வர். போலிகளைப் பற்றிய பகுதி அதனிலும் சுவையானது. எதிராளியின் பிழையைக் கண்டுபிடிப்பதில் இளைஞருக்கு இயல்பாகவே விருப்பமுண்டு. இத்தருக்கத்தைக் கேட்பவள் கணிகையர் குலத்துப் பெண்ணொருத்தி என்பதையும், வஞ்சி நகரில் சமயவாதிகளின் கருத்துகளைக் கேட்கச் சென்றபோது அவள் ஆண் துறவியின் வடிவு கொள்ளவேண்டியிருந்தது என்பதையும் கொழுந்து பறிக்கும் பெண்களின் புதல்வியருக்குக் கூறாமல் விடலாகாது. நன்னூலார் கூறும் எழுவகை மதங்களில், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒருபாற் துணிதல் என்பன கட்டுரைப் பயிற்சிக்கு நேரடியாகப் பயன்படத்தக்கவை. உரையாசிரியர்கள் 'அற்றேல்', 'அஃதேல்', 'எனின்' எனத் தடையெழுப்பி விடையிறுத்துச் சென்ற முறையும் எமது உரைநடையின் சொத்தே. நாவலரின் கண்டன நூல்கள் அம்மரபை அச்சு யுகத்திற்குக் கொண்டுவந்தன. 1920களில் கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' வாயிலாக அதனைத் தொழிலாளர் பக்கம் திருப்பினார். மனுவன்று, வாதமே அவர் கையாண்ட வடிவம் என்பதால் தோட்ட மக்களின் எழுத்து வரலாற்றில் அவருக்குத் தனியிடமுண்டு.

இலக்கண பாடமும் இங்கு புதுப் பொருள் பெறுகின்றது. முற்றும்மையை எடுத்துக்கொள்வோம். 'எல்லாத் துரைமாரும்', 'எந்தத் தொழிலாளியும்' என எழுதும் மாணவன் அவ்வும்மையினால் எவ்வளவு பெரிய நிரூபணச் சுமையைத் தலையிற் சுமக்கின்றான் என்பதை உணர்வதில்லை. 'பெரும்பாலான', 'நாமறிந்தவரை' எனச் சுருக்கினால் வாதம் வலுவிழக்கும் என அவன் அஞ்சுகின்றான், உண்மையில் வலுப்பெறுகின்றது. செயப்பாட்டு வினையும் அத்தகையதே. 'கூலி குறைக்கப்பட்டது', 'குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன', 'நிலம் பகிர்ந்தளிக்கப்பட்டது' என்று செய்தித்தாளும் பாடநூலும் எழுதுகின்றன. யாரால்? இவ்வினாவை ஒவ்வொரு 'படு' விகுதிக்கும் நேரே எழுதப் பழக்கினால், மாணவர் இலக்கணத்தையும் வரலாற்றையும் ஒருங்கே கற்பர். எமது இக்கட்டுரையிலும் அவ்விகுதி மலிந்து கிடப்பதை வாசகர் கவனித்திருப்பர். ஆய்வு நடையின் பழக்கம் அது.

தலைப்புத் தெரிவுக்கு வருவோம். வாதத்திற்குரிய பொருள் மாணவரின் வாழ்வை ஒட்டியதாயும், இரு பக்கத்திலும் உண்மையான நியாயம் உள்ளதாயும் இருத்தல் வேண்டும். கேகாலை மாவட்டத்தின் வரலாற்றிலேயே இதற்குத் தக்க உதாரணம் உண்டு. 1940களின் நடுப்பகுதியில், உந்துகொடைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்திற்கென அரசு கையேற்றது. அங்கு குடியிருந்த தமிழ்த் தொழிலாளர் வெளியேறவேண்டுமென அறிவித்தல் கொடுக்கப்பட்டது, அவர்கள் மறுத்தனர். 1946 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தலைமையில் இதனையொட்டிப் பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. லயக்காம்பராக்களை விட்டு நீங்காதவர்கள்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுள் ஒருவரின் வழக்கு பிரிவிக் கவுன்சில் எனப்படும் கோமறைக் கழகம் வரை சென்று, செல்வநாயகம் எதிர் அரசன் என்னும் பெயரில் சட்ட ஏடுகளில் நிலைபெற்றது. குற்றத்தீர்ப்பு அங்கு நிலைக்கவில்லை.

அங்கு எழுந்த வினா வாதப் பயிற்சிக்கு வாய்த்த அருஞ்செல்வம். அத்துமீறல் குற்றமாவதற்கு, உரித்தாளரைத் தொந்தரவு செய்யும் எண்ணம் நிரூபிக்கப்படல் வேண்டும். தான் தங்கியிருத்தல் உரித்தாளருக்குத் தொந்தரவாகும் என்பது தொழிலாளிக்குத் தெரியும். ஆனால் ஒரு செயலின் விளைவை முன்கூட்டி அறிதலும், அவ்விளைவையே நோக்கமாகக் கொள்ளுதலும் ஒன்றல்ல. அவனுடைய மேலோங்கிய நோக்கம் தனது வீட்டை இழவாமலிருப்பது. சட்டத்தில் அவனுக்கு அவ்வுரிமை இல்லாதிருக்கலாம். உண்டென அவன் நேர்மையாக நம்பினால் அவன் குற்றவாளியாகான். 'அறிதல் வேறு, கருதுதல் வேறு' என்னும் இவ்வேறுபாட்டைக் கேகாலை மாவட்டத்து லயக்காம்பரா ஒன்று உலகச் சட்டவியலுக்கு வழங்கிய எடுத்துக்காட்டு எனக் கூறின் தவறாகாது. பிற்காலத்து அத்துமீறல் வழக்குகளில் இத்தீர்ப்பு எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. இதே மாவட்டத்துப் பிள்ளைகள் இதனைக் கேள்விப்படாதிருப்பதற்கு நியாயமில்லை.

இவ்வுதாரணத்தில் எதிர்த்தரப்பும் வெறும் கொடுமையின் உருவமன்று. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டமும் 1897 ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டமும் கண்டிச் சிங்கள விவசாயியின் காட்டையும் சேனை நிலத்தையும் பறித்துத் தோட்டத்திற்கு வழி செய்தன. நிலமற்ற கிராமவாசி நிலம் கேட்டது நியாயமே. அந்நியாயத்தைத் தோட்ட முதலாளியின் கணக்கிலன்றித் தோட்டத் தொழிலாளியின் கணக்கில் தீர்த்துவைத்தமையே அன்றைய ஆளும் வர்க்கத்தின் சாமர்த்தியம். மாணவர் இதுபற்றி எழுதும்போது, முதலில் கிராமவாசியின் தரப்பை, அவரே வாசித்தால் 'ஆம், இதுவே எனது கருத்து' எனக் கூறத்தக்க வகையில், ஒரு பக்கம் எழுதவேண்டும் என நாம் வற்புறுத்துவோம். 1981 ஆவணியில் இரத்தினபுரி, கஹவத்தை, பெல்மதுளை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் எரிக்கப்பட்டதை வீட்டிற் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் இதனை எதிர்பார்ப்பது கடினம் என்பதை அறிவோம். கடினமானதாதலால்தான் அது பாடசாலையிற் செய்யப்படல் வேண்டும். அயலவரின் நியாயத்தை வாழ்நாளில் ஒருமுறையேனும் எழுத்தில் முழுமையாக வகுத்துப் பார்க்காதவன் அயலவருடன் வாதிட முடியாது. சண்டையிடலாம், அல்லது மௌனமாகலாம்.

அண்மைக்காலத் தலைப்புகளும் உண்டு. 2016 வைகாசியில் புலத்கொஹுபிட்டிய கலுபஹனத் தோட்டத்தில் லயமொன்று மண்ணுட் புதைந்தது. 'இயற்கை அனர்த்தங்கள்' என்னும் வழமையான தலைப்பு இதனை மழையின் கணக்கில் எழுதச் செய்யும். 'அது இயற்கை அனர்த்தம் மாத்திரமா?' எனக் கேட்டால், லயம் அச்சரிவில் அமைந்ததேன், அங்கு வாழ்ந்தோர் வேறிடத்தில் வீடு கட்ட நிலவுரிமை உடையவரா என்னும் வினாக்கள் எழும். 2021 பங்குனியில் வர்த்தமானி மூலம் நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்டபோது அது 900 ரூபா அடிப்படைக் கூலியும் 100 ரூபா கொடுப்பனவுமாக அமைந்தது. பறிக்கவேண்டிய நிறை உயர்த்தப்பட்டால் அவ்வுயர்வு உயர்வா என்பது கணிதமும் வாதமும் கலந்த பயிற்சி. இறப்பர்த் தோட்டத்து மாணவருக்கு இதே வினா வேறு வடிவிலெழும்: மழை நாளில் பால் வெட்ட இயலாது, அந்நாளின் கூலியிழப்பு யாருடைய பொறுப்பு?

இம்முறைக்கு இரு பக்கத்திலிருந்தும் தடைகள் எழும். பாடசாலைக்குள் அரசியலைப் புகுத்துகின்றீர்கள் என்பது ஒன்று. நன்மை தீமைப் பட்டியலும் அரசியலே. எதனையும் தீர்மானிக்காதிருக்கப் பழக்கும் அரசியல் அது. மற்றைய தடை எம்மவரிடமிருந்தே வரும். சுரண்டல், ஏகாதிபத்தியம், வர்க்கப் போராட்டம் என்பவற்றை நேரடியாகக் கற்பித்தால் போதாதா என முற்போக்கு நண்பர் சிலர் கேட்பர். ஆயத்த முடிவுகளை மனனஞ் செய்து எழுதும் கட்டுரையில் பழமொழியிருந்த இடத்தில் சுலோகம் வந்து அமர்கின்றது; வேறெதுவும் மாறுவதில்லை. ஏதுவின்றி நாட்டப்பட்ட பக்கம் எமது பக்கமாயினும் போலியே. மாணவன் ஆராய்ந்து நிருவாகத்தின் நியாயமே வலிதெனக் கண்டு அவ்வாறு எழுதினால், அக்கட்டுரையின் ஏதுவும் சான்றும் செம்மையாயின், அதற்கு உயர்ந்த புள்ளி வழங்க ஆசிரியர் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

பரீட்சை பற்றிய அச்சம் நியாயமானது. சாதாரணதரப் பரீட்சையிற் கட்டுரைக்குக் கிடைக்கும் நேரம் குறுகியது. வகுப்பில் ஒரு பாடவேளையும் குறுகியதே. ஆகவே ஒரு தலைப்பை ஒரே நாளில் முடிக்கும் வழக்கத்தைக் கைவிட்டுத் தவணைக்கு இரண்டு தலைப்புகளை மாத்திரம் எடுத்தல் நன்று. முதல் நாளில் வாய்வழி வாதம். வீட்டு மொழியிலேயே நடைபெறட்டும், ஆசிரியர் கரும்பலகையில் பக்கத்தையும் ஏதுவையும் மாத்திரம் குறிக்கட்டும். இரண்டாம் நாள் எதிர்த்தரப்பின் பக்கம் எழுதப்படும். மூன்றாம் நாள் தன் தரப்பு. அவ்வரைவின் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிடுவதற்குப் பதிலாக ஒரேயொரு தடையை 'அற்றேல்' எனத் தொடங்கி எழுதிக் கொடுத்தல் வேண்டும். மாணவர் அத்தடைக்கு விடை எழுதிச் சேர்த்து மீள எழுதுவர். லகர, ளகர, ழகரத் திருத்தம் அதன் பின்னரே தொடங்கும்.